ரீடிங்ல ஃப்ளாட் எடுக்கறோம், ஏஜென்ட் 'செட்டப் ஃபீ' 180 பவுண்ட் கேக்கறாங்க. கட்டணுமா?

புதுசா_வந்தவன்

எல்லாருக்கும் வணக்கம். யூகே வந்து ஏழு வாரம் ஆகுது. இதுவரைக்கும் ஆபீஸ்ல குடுத்த சர்வீஸ் அபார்ட்மென்ட்ல இருந்தோம், இன்னும் பத்து நாள்ல காலி பண்ணணும். ரீடிங் ஸ்டேஷன்லேர்ந்து நடக்கற தூரத்துல ஒரு பெட்ரூம் ஃப்ளாட் ஒண்ணு பாத்தோம், மாசம் 1,300 பவுண்ட், ரெண்டு பேருக்குமே பிடிச்சு போச்சு. போன வியாழக்கிழமை வீட்ட எங்களுக்காக பிடிச்சு வைக்க ஹோல்டிங் டெபாசிட்னு 300 பவுண்ட் கார்டுல கட்டினேன், அதுக்கு ரசீது கூட வந்துச்சு. அது வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு.

நேத்து சாயங்காலம் ஒரு இன்வாய்ஸ் அனுப்பியிருக்காங்க. அப்படியே போடறேன்: முதல் மாச வாடகை 1,300, டெபாசிட் ஆறு வாரத்துக்கு 1,800, டெனன்சி செட்டப் ஃபீ 180, ரெஃபரன்ஸ் செக் ஆளுக்கு 45 வீதம் 90, இன்வென்டரி செக்-இன் (உள்ள போகும்போது வீட்டுச் சாமான் பட்டியல் சரிபாக்க) 110. மொத்தம் 3,480. இது போக எங்களுக்கு இந்த ஊர்ல க்ரெடிட் ஹிஸ்டரி இல்லாததால யூகேல இருக்கற ஒரு கேரண்டர் (நாங்க வாடகை கட்டலன்னா கட்டறேன்னு ஜாமீன் நிக்கற ஆள்) குடுங்க, இல்லன்னா ஆறு மாச வாடகையை முன்கூட்டியே கட்டுங்கன்னு ஃபோன்ல சொன்னாங்க. அக்ரிமென்ட் டிராஃப்ட்ல காலி பண்ணும்போது அவங்க சொல்ற கம்பெனிய வச்சுதான் க்ளீனிங் பண்ணணும், அந்த காசும் நாங்கதான் குடுக்கணும்னு வேற ஒரு க்ளாஸ் இருக்கு.

திங்கக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கட்டலன்னா வேற பார்ட்டி ரெடியா இருக்காங்களாம். ஊர்ல ப்ரோக்கருக்கு ஒரு மாச வாடகை குடுத்து பழக்கப்பட்டவன்தான் நான், அதனால 180ங்கறது ரொம்ப பெருசா தெரியல, ஆனா ஆபீஸ்ல ஒருத்தர் இதெல்லாம் இங்க சட்டப்படி கேக்கவே கூடாதுன்னு சொன்னார், இன்னொருத்தர் அதெல்லாம் லண்டனுக்கு மட்டும்தான்னு சொல்றார். எது நிஜம்? வீடும் கைய விட்டு போகக்கூடாது, ஏமாளியும் ஆகக்கூடாது, அதான் கேக்கறேன்.

க்ராய்டன்_பழசு

லண்டனுக்கு மட்டும் இல்ல ப்ரோ, இங்கிலாந்து முழுக்க. டெனன்ட் ஃபீஸ் ஆக்ட் 2019னு ஒரு சட்டம், 2019 ஜூன் 1லேர்ந்து புது வாடகை ஒப்பந்தத்துக்கு எல்லாம் பொருந்தும், அதுக்கு முன்னாடி போட்டதுக்கும் 2020 ஜூன் 1லேர்ந்து பொருந்திடுச்சு. ரீடிங் இதுல நல்லாவே வருது.

இதுல புரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், நிறைய பேர் இதத்தான் தலைகீழா புரிஞ்சுக்கறாங்க. சட்டம் "இந்த இந்த ஃபீ வாங்கக்கூடாது"ன்னு லிஸ்ட் போடல. "இதெல்லாம் வாங்கலாம்"னு லிஸ்ட் போட்டிருக்கு, அதுல இல்லாத எல்லாமே தப்பு. அதனால பேரு என்ன வேணா வச்சுக்கட்டும், செட்டப், அட்மின், ப்ராசசிங், வெல்கம் பேக், எதுவா இருந்தாலும் நீங்க கேக்க வேண்டிய கேள்வி இது அந்த லிஸ்ட்ல எங்க இருக்குன்னுதான். வாடகை, டெபாசிட், ஹோல்டிங் டெபாசிட், சாவி தொலைச்சா அதுக்கான செலவு, வாடகை ரொம்ப லேட்டானா வட்டி, நீங்களா கேட்டு அக்ரிமென்ட்ட மாத்தினா 50 பவுண்ட் வரை (நிஜ செலவு அதுக்கு மேலன்னா அத நிரூபிக்கணும்), நீங்களா கேட்டு சீக்கிரம் காலி பண்ணா அதனால வர்ற நஷ்டம், அப்புறம் கரண்ட், தண்ணி, இன்டர்நெட், டிவி லைசென்ஸ், கவுன்சில் டாக்ஸ். அவ்ளோதான். உங்க 180ம் இல்ல, 90ம் இல்ல, 110ம் இல்ல. மொத்தம் 380 பவுண்ட் காத்துல கேக்கறாங்க.

டெபாசிட்டும் தப்பா இருக்கு பாருங்க. வருஷ வாடகை 50,000 பவுண்டுக்கு கீழ இருந்தா அஞ்சு வார வாடகைதான் உச்சவரம்பு, ஆறு வாரம்லாம் 50,000ம் அதுக்கு மேலயும் இருக்கற வீட்டுக்கு. வார வாடகைய மாச வாடகைய நாலால வகுத்து கணக்கு போடக்கூடாது, 12ஆல பெருக்கி 52ஆல வகுக்கணும். உங்களுக்கு 1,300 பெருக்கல் 12, 15,600, அத 52ஆல வகுத்தா சுளையா 300. அஞ்சு வாரம் 1,500. 1,800 கிடையாது.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? நீங்க கட்டின 300 அந்த இன்வாய்ஸ்ல எங்கயும் கழிக்கவே இல்ல. ஹோல்டிங் டெபாசிட்ட ஒண்ணு உங்க சம்மதத்தோட வாடகையிலயோ டெபாசிட்டுலயோ கழிக்கணும், இல்ல திருப்பி குடுக்கணும். ஆக 1,300 கூட்டல் 1,500, கழித்தல் 300, 2,500தான் வரணும். அவங்க கேக்கறது 3,480. 980 பவுண்ட் வித்தியாசம், உங்க வாடகையில முக்கால் பங்கு!

நான் 2015ல இங்க முதல் வீடு எடுத்தப்ப இந்த சட்டம் கிடையாது. ரெஃபரன்ஸுக்கு, அக்ரிமென்ட் டைப் பண்ண, உள்ள போக, வெளிய வரன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா அழுதேன், ஆறு மாசம் கழிச்சு அதே அக்ரிமென்ட்ல தேதிய மட்டும் மாத்தி ரினியூவல் ஃபீன்னு ஒரு தொகை. ஒரு வேர்ட் ஃபைல்ல ரெண்டு தேதி மாத்தறதுக்கு. இன்னிக்கும் நெனச்சா எரியுது.

டப்பா_கார்

எல்லாம் சரிதான் ஆனா ப்ராக்டிகலா பேசுங்க. பத்து நாள்ல வெளிய போகணும், ஒரு வீட்டுக்கு இருபது பேர் வர்றாங்க, சட்டம் பேசினா "சாரி, ஓனர் வேற ஆளுக்கு குடுத்துட்டார்"னு ஒரே வரில முடிச்சிடுவாங்க. 380 தானே, கட்டிட்டு வீட்டுக்குள்ள போய் உக்காருங்க, அப்புறம் பாத்துக்கலாம்.

க்ராய்டன்_பழசு

டப்பா_கார், நீங்க கிண்டலா சொன்னீங்களோ என்னவோ, "அப்புறம் பாத்துக்கலாம்"ங்கறதுக்கு சட்டத்துலயே வழி இருக்கு. தெரிஞ்சே கட்டினாலும், கையெழுத்தே போட்டிருந்தாலும், அந்த க்ளாஸ் உங்கள கட்டுப்படுத்தாது, காச திருப்பி கேக்கலாம். குடுக்கலன்னா ஃபர்ஸ்ட்-டியர் ட்ரிப்யூனல்னு ஒரு தீர்ப்பாயம் இருக்கு, அதுல ப்ராப்பர்ட்டி சேம்பர்ல நீங்களே மனு போடலாம், வக்கீல் கட்டாயம் இல்ல. கவுன்சில்ல நுகர்வோர் விவகாரம் பாக்கற ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ்கிட்டயும் போகலாம், அதுக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸோட கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல சொன்னா அவங்க அந்தந்த ஏரியாவுக்கு அனுப்பிடுவாங்க.

சட்டம் வந்தப்பவே முதல் தடவை மாட்டினா 5,000 பவுண்ட் வரைக்கும் அபராதம், அஞ்சு வருஷத்துக்குள்ள மறுபடி பண்ணா அது கிரிமினல் குத்தம், இல்லன்னா அதுக்கு பதிலா 30,000 வரைக்கும் அபராதம்னு வச்சாங்க. அவன் 180க்காக இந்த ரிஸ்க் எடுக்கறான்னா ஒண்ணு முட்டாள், இல்ல யாரும் கேக்க மாட்டாங்கங்கற தைரியம். புதுசா வந்த நம்ம ஆளுங்கள பாத்தா ரெண்டாவதுதான்னு தோணுது.

எங்க டீம்ல ஒருத்தருக்கு 2022ல நடந்தது. உள்ள போகும்போது 150 பவுண்ட் அட்மின் ஃபீன்னு வாங்கியிருந்தாங்க, அவரும் மறந்தே போயிட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு ஓனர் செக்‌ஷன் 21 நோட்டீஸ், அதாவது காரணம் சொல்லாம காலி பண்ண சொல்ற நோட்டீஸ், குடுத்தார். அப்பத்தான் வீட்டுப் பிரச்சனைக்கு உதவற ஷெல்டர்ங்கற தொண்டு நிறுவன ஆளுங்க சொன்னாங்க, தப்பா வாங்கின ஃபீய திருப்பி குடுக்காத வரைக்கும் அந்த நோட்டீஸே செல்லாதுன்னு. ஓனருக்கு பாவம் ஏஜென்ட் 150 வாங்கினதே தெரியாது. மறுபடி மொதல்லேர்ந்து நோட்டீஸ், அதுக்குள்ள இவருக்கு நிதானமா வீடு தேட டைம் கிடைச்சிடுச்சு. இப்ப 2026 மே 1லேர்ந்து செக்‌ஷன் 21ஏ ஒழிஞ்சு போச்சு, அது வேற கதை.

ஹாரோ_அண்ணை

தம்பி, மேலை க்ராய்டன் சொன்னதெல்லாம் சரி. ஆனா நான் யோசிக்கிறது அந்த 180ஐ பற்றி இல்லை, நீங்கள் ஏற்கனவே குடுத்த 300ஐ பற்றித்தான். ஏனெண்டா குடுக்காத காசை குடுக்கமாட்டன் எண்டு சொல்லலாம். குடுத்த காசை திருப்பி எடுக்கிறதுதான் பெரிய பாடு. 2019க்கு பிறகு உவங்கள் விளையாடுற இடமே இந்த ஹோல்டிங் டெபாசிட்தான்.

ஒரு கிழமை, அதாவது ஒரு வார வாடகைக்கு மேலை வாங்கேலாது, உங்களுக்கு 300 எண்டது சரியான கணக்கு. ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்திலை ஒராளிட்டைத்தான் வாங்கலாம், அதாலை "வேறை பார்ட்டி ரெடியா இருக்கு" எண்டு சொல்லுறவன் அந்த பார்ட்டியிட்டையும் காசு வாங்கியிருந்தா அதுவும் பிழை. காசு வாங்கின நாளிலை இருந்து 15 நாளுக்குள்ளை அக்ரிமென்ட் முடிய வேணும், வேறை தேதி எண்டு எழுத்திலை ஒத்துக்கொண்டா மட்டும்தான் அது மாறும். முடியேல்லை எண்டா ஏழு நாளுக்குள்ளை காசை திருப்பித் தரவேணும். வீட்டுக்காரர் மனம் மாறினாலும் அப்பிடித்தான்.

அவங்கள் காசை வச்சிருக்கக்கூடிய சந்தர்ப்பம் நாலே நாலுதான். நீங்களா வேண்டாம் எண்டு சொன்னா, ரைட் டு ரெண்ட் செக்கிலை (இங்கை வாடகைக்கு இருக்க உரிமை இருக்கோ எண்டு பாக்கிறது) தவறினா, பிழையான தகவல் குடுத்தா, இல்லாட்டி அக்ரிமென்ட் முடிக்க நீங்கள் செய்யவேண்டியதை செய்யாமல் இழுத்தடிச்சா. அதுவும் ஏன் வச்சிருக்கிறம் எண்டு ஏழு நாளுக்குள்ளை எழுத்திலை தரவேணும். எழுத்திலை தரேல்லை எண்டா காசு உங்கட.

என்ரை மகள் லெஸ்டரிலை வேலை கிடைச்சு போனவ. மாசம் 1,000 பவுண்ஸ் வீடு, 230 ஹோல்டிங் டெபாசிட். ஃபோமிலை சம்பளம் எண்ட இடத்திலை போனஸையும் சேத்து 34,000 எண்டு போட்டிட்டா, ஒஃபர் லெட்டரிலை 31,000. செவ்வாய்க்கிழமை ஃபோன் பண்ணி வீடு இல்லை, தகவல் பிழை, காசும் இல்லை எண்டிட்டாங்கள். பிள்ளை அழுது போட்டு விட்டிட்டா, எனக்கும் சொல்லேல்லை. மூண்டு கிழமைக்கு பிறகு தற்செயலா கதைக்கேக்கைதான் வெளியிலை வந்தது. நான் கேட்ட ஒரே கேள்வி, "எழுத்திலை ஏதும் வந்ததோ?" இல்லை. ஒரு வரி ஈமெயில் கூட இல்லை. அவவைக்கொண்டே எழுதுவிச்சன், நீங்கள் ஏழு நாளுக்குள்ளை காரணம் எழுதித் தரேல்லை, அதாலை சம்பளம் சரியோ பிழையோ எண்ட கதைக்கே இனி இடமில்லை, 230ஐயும் போடுங்கோ எண்டு. ரெண்டு நாளிலை காசு வந்தது, மன்னிப்பு ஒண்டும் வரேல்லை.

அதாலை உங்களுக்கு நான் சொல்லுறது, ஃபோமிலை சம்பளத்தை அடிப்படைச் சம்பளம் மட்டும் போடுங்கோ, போனஸ் இருந்தா தனியா எழுதுங்கோ. இப்ப கோவத்திலை "எனக்கு உங்கட வீடே வேண்டாம்" எண்டு மட்டும் எழுதிப் போடாதேங்கோ, அந்த ஒரு வரிக்குத்தான் உவங்கள் காத்துக்கொண்டு இருப்பாங்கள்.

புதுசா_வந்தவன்

அண்ணா, நல்ல வேளை சொன்னீங்க. நிஜமாவே அப்படி ஒரு மெயில் டைப் பண்ணி டிராஃப்ட்ல வச்சிருந்தேன். டெலீட் பண்ணிட்டேன்.

அந்த ஆறு மாச வாடகை விஷயம் யாராவது சொல்லுங்களேன், அதுதான் தூக்கத்த கெடுக்குது. 7,800 பவுண்ட். எங்கிட்ட அவ்ளோ இல்ல, ஊர்லேர்ந்து அப்பா அனுப்பறேன்னு நிக்கறார்.

முன்னாள்_நெகோஷியேட்டர்

அப்பாவ அனுப்ப வேணாம்னு சொல்லுங்க.

நான் 2017லேர்ந்து மூணு வருஷம் ஒரு லெட்டிங் ஆபீஸ்ல வேலை பாத்தவன், அதனால அந்த பக்கத்து கதையும் சொல்றேன். முதல்ல உங்க கேள்வி. ரென்டர்ஸ் ரைட்ஸ் ஆக்ட் 2025 வந்தாச்சு, 2026 மே 1லேர்ந்து தனியார் வாடகை வீட்டுக்கு அமலுக்கு வந்துச்சு. அக்ரிமென்ட் கையெழுத்தாகறதுக்கு முன்னாடி வாடகைன்னு ஒரு பைசா கேக்கக்கூடாது, நீங்களா குடுத்தாலும் வாங்கக்கூடாது. கையெழுத்தானப்புறம் குடியேறறதுக்கு முன்னாடி அதிகபட்சம் ஒரு மாசம். ஆறு மாசம்ங்கறது மொத்தமா போச்சு. உங்க இன்வாய்ஸ்ல இருக்கற முதல் மாச வாடகையே கையெழுத்துக்கு முன்னாடி கேக்கறாங்கன்னா அதுவும் முறை இல்ல. முன்னெல்லாம் வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்க, ஸ்டூடன்ட்ஸ் எல்லாருக்கும் இதுதான் வழக்கமான தீர்வு, அதனால கவுன்டர்ல இருக்கற பையனுக்கு வாய் தானா அதையே சொல்லும்.

ஆனா கேரண்டர் கேக்கறது தப்பு இல்ல, அத நேர்மையா சொல்லிடறேன். கேரண்டர் இல்லன்னு ஓனர் வேணாம்னு சொன்னா நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. காசு குடுத்தா கேரண்டரா நிக்கற கம்பெனிங்க இருக்கு, ஆனா அந்த கம்பெனியில சேந்தே ஆகணும்னு ஏஜென்ட் உங்கள கட்டாயப்படுத்த முடியாது, கரண்ட் இன்டர்நெட் மாதிரி விஷயம் தவிர வேற எந்த மூணாவது ஆள்கிட்டயும் சர்வீஸோ இன்ஷூரன்ஸோ வாங்குன்னு சொல்றதே இந்த சட்டத்துல தடை. ஆபீஸ் எச்ஆர்கிட்ட கேளுங்க, சில கம்பெனி கேரண்டி லெட்டர் தரும். இல்லன்னா சம்பள ஸ்லிப், ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வச்சு நேரா ஓனர்கிட்ட காட்ட சொல்லி கேளுங்க.

ஆபீஸ் பத்தி பேசும்போது ஒண்ணு. ஆபீஸே தன் பேர்ல வீடு எடுத்து உங்கள வைக்கறேன்னு சொன்னா யோசிங்க. கம்பெனி பேர்ல எடுக்கற வாடகைக்கு இந்த ஃபீ சட்டம் பொருந்தாது, அங்க எல்லா ஃபீயும் கேப்பாங்க, அத கடைசில உங்க சம்பளத்துல பிடிப்பாங்க. ஆன்சைட் வர்ற ஐடி ஆளுங்க நிறைய பேர் இதுல மாட்டியிருக்காங்க.

இப்ப உள்கதை. 2019க்கு முன்னாடி இன்வென்டரிக்கு ஓனர்கிட்டயும் ஒரு ரேட், டெனன்ட்கிட்டயும் ஒரு ரேட், ரெண்டு பக்கமும் வாங்குவோம். ரெஃபரன்ஸ் செக் பண்ற கம்பெனி எங்ககிட்ட வாங்கறதுக்கும் நாங்க உங்ககிட்ட வாங்கறதுக்கும் சம்பந்தமே இருக்காது. யாருக்கும் அது தப்புன்னு தோணல, மாச டார்கெட் ஷீட்ல அதுவும் ஒரு கட்டம், அவ்ளோதான். 2016 நவம்பர்ல அப்ப நிதியமைச்சரா இருந்த ஃபிலிப் ஹாமண்ட் இத தடை பண்ணப்போறோம்னு அறிவிச்சார், சட்டம் அமலுக்கு வர ரெண்டரை வருஷம் ஆச்சு. அந்த 2019 மே மாசக் கடைசி வெள்ளிக்கிழமை ஜன்னல்ல ஒட்டியிருந்த ஃபீ அட்டவணைய நான்தான் கத்தி வச்சு சுரண்டி எடுத்தேன், பசை போகவே இல்ல, ரொம்ப நாள் ஒரு செவ்வக அழுக்கா நின்னுச்சு. ஃபீய தடை பண்ணா வாடகை ஏறும்னு எங்க டைரக்டர் சொல்லிட்டே இருந்தார். வாடகை ஏறத்தான் செஞ்சுது, ஆனா அதுக்கு ஆயிரம் காரணம், இந்த 180 பவுண்ட் மேல பழி போடறத நான் ஒத்துக்க மாட்டேன்.

உங்க கேஸ்ல திட்டமிட்ட திருட்டா, சோம்பேறித்தனமான்னு எனக்கு சந்தேகம். பழைய சாஃப்ட்வேர்ல இன்வாய்ஸ் டெம்ப்ளேட்ட மாத்தாம வச்சிருக்கற சின்ன ஆபீஸ் உண்டு, ஆனா ஏழு வருஷமா மாத்தலன்னா அதுவும் ஒரு வகை திட்டம்தான். எதுவா இருந்தாலும் சண்டை போடற மாதிரி எழுதாதீங்க. அவங்க வெப்சைட்ல போய் ஃபீ பக்கத்த பாருங்க, கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட் 2015படி கட்டண விவரம், எந்த ரெட்ரெஸ் ஸ்கீம்ல (புகார் தீக்கற அமைப்பு) இருக்காங்க, நம்ம காசுக்கு பாதுகாப்பு தர்ற க்ளையன்ட் மணி ப்ரொடெக்‌ஷன் இருக்கா எல்லாம் ஆபீஸ்லயும் வெப்சைட்லயும் போட்டே ஆகணும். நூத்துக்கு தொண்ணூறு அந்த பக்கத்துல சட்டப்படி சரியா இருக்கும், இன்வாய்ஸ்ல மட்டும் தப்பா இருக்கும். அந்த பக்கத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்வாய்ஸ் பக்கத்துல வச்சு, "இந்த மூணு வரியும் டெனன்ட் ஃபீஸ் ஆக்ட்ல அனுமதிச்ச எந்த வகையில வருதுன்னு சொல்லுங்க, உடனே கட்டிடறேன்"னு மட்டும் கேளுங்க. அதுக்கு எழுத்துல பதில் போட எந்த மேனேஜரும் துணிய மாட்டார். ஃபோன்ல பேசாதீங்க, பேசினா பேசினத ஒரு மெயிலா போட்டுடுங்க.

அப்படியும் மசியலன்னா முறையா கம்ப்ளைன்ட், எட்டு வாரத்துக்குள்ள தீக்கலன்னா ப்ராப்பர்ட்டி ஆம்புட்ஸ்மன் மாதிரி அவங்க இருக்கற ஸ்கீமுக்கு போகலாம், 2014 அக்டோபர்லேர்ந்து ஏதாவது ஒண்ணுல இருந்தே ஆகணும். ஆனா உங்களுக்கு பத்து நாள்தான் இருக்கு, இது வேலைக்கு ஆகாது, மிரட்ட மட்டும் உதவும்.

கிளாஸ்கோ_மழை

ஸ்காட்லாந்துல இருக்கறவங்க இத படிச்சிட்டு குழம்பிடாதீங்க, இங்க சட்டம் தனி, பழசும் கூட. 1984 சட்டத்துலயே வாடகையும் டெபாசிட்டும் தவிர வேற வாங்கக்கூடாதுன்னு இருந்துச்சு, ஆனா ஏஜென்ட்டுங்க ஓட்டை கண்டுபிடிச்சு வாங்கிட்டே இருந்தாங்க, 2012 நவம்பர் 30லேர்ந்து அந்த ஓட்டையும் அடைச்சாச்சு. டெபாசிட் ரெண்டு மாச வாடகை வரைக்கும் வாங்கலாம். ஏஜென்ட் அரசாங்க ரிஜிஸ்டர்ல பதிவு பண்ணியிருக்கணும், விளம்பரத்துலயே நம்பர் இருக்கும், இல்லன்னா பக்கமே போகாதீங்க. வேல்ஸ்லயும் 2019 செப்டம்பர் 1லேர்ந்து தடைதான், அங்க ரென்ட் ஸ்மார்ட் வேல்ஸ்னு ஒரு அமைப்பு.

புதுசா_வந்தவன்

அப்டேட். நெகோஷியேட்டர் ஜி சொன்ன மாதிரியே வெப்சைட்ல பாத்தேன், ஃபீ பக்கத்துல செட்டப் ஃபீங்கற வார்த்தையே இல்ல!! டெபாசிட் அஞ்சு வாரம்னு தெளிவா போட்டிருக்காங்க. சனிக்கிழமை காலைல மெயில் போட்டேன், ரெண்டையும் அட்டாச் பண்ணி, எங்க 300 எங்க கழிச்சிருக்கீங்கன்னும் கேட்டேன். வீடு எங்களுக்கு வேணும், சரியான தொகை வந்த அன்னிக்கே கட்டறோம்னு கடைசி வரில போட்டேன், ஹாரோ அண்ணா சொன்னத நெனச்சு.

இன்னிக்கு காலைல பதில். "அக்கவுன்ட்ஸ் சிஸ்டத்துல ஒரு தவறு நடந்துடுச்சு, சிரமத்துக்கு வருந்துகிறோம்", புது இன்வாய்ஸ் 2,500, அதுலயும் வாடகை கையெழுத்தானப்புறம் கட்டினா போதும்னு. ஆறு மாச அட்வான்ஸ் பத்தி ஒரு வார்த்தை இல்ல, ஃபோன்ல சொன்னதுதானே, சொல்லவே இல்லங்கற மாதிரி. கேரண்டருக்கு பதிலா எச்ஆர் லெட்டர் போதும்னு ஓனர் ஒத்துக்கிட்டாராம். அந்த "வேற பார்ட்டி" என்ன ஆனாங்கன்னு கேக்க ஆசையா இருந்துச்சு, மனைவி வேணாம்னுட்டாங்க.

க்ளீனிங் க்ளாஸ மட்டும் எடுக்கல. "இது ஸ்டாண்டர்ட் அக்ரிமென்ட், மாத்த முடியாது"ங்கறாங்க. அத என்ன பண்றது?

முன்னாள்_நெகோஷியேட்டர்

கையெழுத்து போடுங்க, கவலப்படாதீங்க. உள்ள வந்தப்ப இருந்த சுத்தத்துல திருப்பி குடுக்கணும்னு கேக்கலாம், இன்ன கம்பெனிக்கு காசு குடுத்து பண்ணுன்னு கட்டாயப்படுத்த முடியாது. அந்த க்ளாஸ் காகிதத்துல இருக்கும், செல்லாது. நீங்களே தேச்சு கழுவி குடுத்தாலும் போதும். அதே மாதிரி வாடகை ஒரு நாள் லேட்டானா ரிமைண்டர் லெட்டருக்கு 25 பவுண்ட்னு ஏதாவது இருந்தாலும் அதே கதிதான். 14 நாள் தாண்டினா மட்டும் பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டிக்கு மேல 3 சதவீதம் வட்டி, அவ்ளோதான். பேங்க் வட்டி 4 சதவீதம்னு வச்சுக்கோங்க, உங்க 1,300க்கு இருபது நாள் லேட்டானா 5 பவுண்ட் கூட வராது.

டப்பா_கார்

சரி, நான் சொன்னது தப்புதான். 2021ல நானே 200 கட்டியிருக்கேன், இப்ப கேட்டா குடுப்பானா?

க்ராய்டன்_பழசு

கேட்டுப் பாருங்க, ஒரு மெயில்தானே. ரசீது வச்சிருக்கீங்களா?

டப்பா_கார்

தேடறேன். பழைய ஃபோன்ல இருக்கணும்.

ஹாரோ_அண்ணை

சந்தோஷம் தம்பி. இன்னும் ஒரு வேலை இருக்கு. 1,500 கட்டின நாளிலை இருந்து 30 நாளுக்குள்ளை அதை டெபாசிட் ஸ்கீம் ஒண்டிலை போட்டு உங்களுக்கு பேப்பர் தரவேணும். டிபிஎஸ், மைடெபாசிட்ஸ், டிடிஎஸ் எண்டு மூண்டுதான் இருக்கு, ஸ்பாம் ஃபோல்டரையும் பாருங்கோ, அங்கைதான் போய் கிடக்கும். வரேல்லை எண்டா இங்கை வந்து சொல்லுங்கோ, அதுக்கு ஒண்டிலை இருந்து மூண்டு மடங்கு வரைக்கும் நட்டஈடு கேக்கலாம்.

திறப்பு (சாவி) வாங்கின அண்டைக்கே சாமான் ஒண்டையும் உள்ளுக்கை கொண்டு போகாமல் முதல்லை படம் எடுங்கோ. சுவரைத்தான் எல்லாரும் எடுக்கிறவை. நீங்கள் சமையல் ஓவனை திறந்து உள் தட்டை வெளியிலை இழுத்து அடிப்பக்கத்தை எடுங்கோ, பாத்ரூம் சிலிக்கான் ஓரத்தை எடுங்கோ, ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரை விரிச்சுப் பிடிச்சு எடுங்கோ. எடுத்ததை அண்டைக்கே ஏஜென்டுக்கு ஈமெயில் பண்ணி விடுங்கோ, தேதி அதிலை தானா விழும்.

புதுசா_வந்தவன்

ஓவன் அடிப்பக்கம். நோட் பண்ணிக்கிட்டேன் அண்ணா. வெள்ளிக்கிழமை சாவி தர்றாங்க.